வளையல் கடை வாசல்

செவ்வந்தி வாளிக்குள் கையை விட்டு எடுத்து வீசுவாள். தண்ணீர் தரையில் விழுவதற்குள் அகலமாக விரிந்துவிடும். ஷட்டர் மேல் ஒரு சொட்டுகூடப் படாது. பட்டால் துரு ஏறும், கடைக்காரர் சத்தம் போடுவார். சத்தம் போட ஆள் இல்லாமல் போன பிறகும் அவள் கை அப்படியேதான் வீசிக்கொண்டிருந்தது. தெளித்தபின் விளக்குமாறு. கூட்டியபின் இடுப்பில் செருகிய டப்பாவிலிருந்து கோலமாவு. மாவைக் கிள்ளி ஓடவிடும் அந்த இரண்டு விரல்களின் நுனியும் வெடித்து, வெடிப்புக்குள் மாவு ஏறியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படு என்று சொல்லிப் பார்த்தேன்.

"எண்ண தடவினா மாவு கையிலயே ஒட்டிக்குது நர்ஸக்கா. கோலத்துக்கு வரமாட்டேங்குது" என்றாள்.

நான் நர்ஸ் இல்லை. வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். திருப்பிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, மருந்தை வேளைக்குக் கொடுப்பது என் வேலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு கடைத்தெருவுக்கு, ராஜாங்கம் என்ற பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்தேன். இடுப்பெலும்பு முறிந்து மாடியில் படுத்திருந்தார். மாடிக்குக் கீழே இருந்த கடை வரிசை முழுவதும் அவருடையது. விடியும் முன் அவருடைய யூரின் கேனைக் கழுவிக் கவிழ்த்துவைக்க மாடி முகப்புக்கு வருவேன். அந்த நேரத்தில் தெருவில் செவ்வந்தியைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

அவள் கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு காலனியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். நிலம் கிடையாது. நடவும் களையெடுப்பும் செய்தவள். முழங்கால் தேய்ந்து சேற்றில் நிற்க முடியாமல் போனதும் ஊருக்குள் வந்து வாசல் தெளிக்க ஆரம்பித்தாள். புருஷன் பிச்சைமுத்து பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கு வருவான், வராமலும் இருப்பான். அதைப் பற்றிக் கேட்டால், "வந்தா ஒருத்தருக்கு ஜாஸ்தி சோறு, வரலன்னா கம்மி சோறு. அவ்ளோதானே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொள்வாள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சட்டம் இருந்தது. உரக்கடைக்காரருக்குத் தாமரைக் கோலம்தான் போடவேண்டும். துணிக்கடைக்குப் பெரிசாக வேண்டும், ஆடியிலும் ஐப்பசியிலும் கலர் போடவேண்டும். நகைப் பட்டறையில் கோலம் எப்படி இருந்தாலும் சரி, ஆனால் கூட்டிய மண்ணை வெளியே கொட்டக்கூடாது. அந்த மண்ணில் தங்கத்தூள் கிடக்கும், அரிக்கிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். "என் தொடப்பத்தயே தட்டிப் பாத்துட்டுதான் வுடுவாரு அந்த ஆசாரி. என் தலையத் தட்டாதது ஒண்ணுதான் பாக்கி" என்று சிரிப்பாள்.

நான் அங்கே வந்தபோது ஆசாரி கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தார். கடை மூடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அது பழகிப்போனது. முதலில் உள்ளே விளக்கைக் குறைப்பார்கள். பிறகு வேலைக்கு இருந்த பெண் நின்றுவிடுவாள். பிறகு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்கள், தூங்குவதற்கு என்று சொல்வார்கள். அடுத்து தள்ளுபடி அட்டை தொங்கும். அந்த அட்டை தொங்கிவிட்டால் அதற்கு மேல் பிழைத்த கடை எதையும் நான் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு டெம்போ வந்து பெயர்ப்பலகையை ஏற்றிக்கொண்டு போகும்.

காரணம் ஒன்றில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் பெரிய கடைகள் எல்லாம் பைபாஸ் பக்கம் போய் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்தன. மக்காச்சோளம் விலை விழுந்த வருஷம் சுற்று வட்டாரத்து விவசாயிகள் துணி எடுக்க வரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து கல்யாணச் சாமான் வாங்கக் கும்பலாக இறங்கி வந்தவர்கள் போனிலேயே பார்த்து வாங்கப் பழகினார்கள். பார்சல் வண்டி வெள்ளிமலைக்கே ஏறிப்போனது. உரக்கடை, போட்டோ ஸ்டுடியோ, துணிக்கடை என்று ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கியது. கடைசியில் திறந்திருந்தது இரண்டுதான். ராஜாங்கத்தின் மருமகள் தேவிப்ரியா நடத்திய பாத்திரக்கடை, தெருமுனையில் பழனியின் டீக்கடை. செவ்வந்திக்குக் கூலி கொடுத்தவள் தேவிப்ரியா மட்டும்.

ஆனால் அவள் எல்லா வாசலையும் தெளித்தாள். எல்லா வாசலிலும் கோலம் போட்டாள். உரக்கடைக்குத் தாமரை, துணிக்கடைக்குப் பெரிசு, எதையும் மாற்றவில்லை. ஒருநாள் மேலிருந்தே கேட்டேன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

"பக்கத்து வாசல் காஞ்சி கெடந்தா புழுதி பறந்து நம்ம வாசலுக்குத்தான் வரும்" என்றாள்.

அது நியாயமாகப்பட்டது. ஆனால் அது முழுக் காரணம் இல்லை. முழுக் காரணம் வளையல் கடை நிர்மலா.

நிர்மலாவை நான் சில மாதங்கள்தான் பார்த்தேன். ரிஷிவந்தியத்தில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பாள். பருத்த உடம்பு, பெரிய குரல். மலைக்காரப் பெண்களின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தே அளவு சொல்லுவாள். எப்பேர்ப்பட்ட முரட்டுக் கைக்கும் கண்ணாடி வளையல் உடையாமல் ஏற்றிவிடுவாள். செவ்வந்தியும் அவளும் பேசினால் சண்டை போடுவது மாதிரி இருக்கும்.

"ஏண்டி, கோலம் போட்டியா இல்ல கோழிய வுட்டுக் கௌறினியா?"

"உன் கண்ணுக்கு அப்டித்தான் தெரியும். கண்ணாடி மாத்தச் சொன்னா கேக்கறியா?"

"நான் கண்ணாடி விக்கறவடி. எனக்கே கண்ணாடி சொல்றியா? வா, டீ ஆறிப்போவுது."

நிர்மலாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் இருந்தது. ஒருமுறை கீழே போய்ப் பார்த்தேன். ஓரம் கறுத்திருந்தது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். தை மாசம் முடியட்டும், கல்யாண சீசன் என்றாள். தை மாசம் முடிந்தது, சீசன் வரவில்லை. கடையை மூடினாள். மிச்சச் சரக்கை எடுத்துப்போகக்கூட இல்லை. சரம் சரமாக ஆணியில் தொங்கவிட்டபடியே சாவியைத் தேவிப்ரியாவிடம் கொடுத்தாள். கிளம்பும்போது செவ்வந்தியிடம் சொன்னாளாம்: "கடை போனாப் போவுது. வாசல மட்டும் செத்த வூடு மாதிரி காயப் போட்டுடாதடி."

சாவு விழுந்த வீட்டில் வாசல் தெளிக்கமாட்டார்கள், கோலம் போடமாட்டார்கள். காய்ந்த வாசலைப் பார்த்தே தெருவில் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தெருவில் எல்லா வாசலும் காய்ந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்பதை நிர்மலா அன்று நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் நிர்மலா ரிஷிவந்தியத்தில் செத்துப்போனாள். அதே நேரத்தில் செவ்வந்தி வளையல் கடை வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் கோலத்தைச் சுற்றிக் காவிப்பட்டையும் அடித்தாள். அவளுக்குத் தெரியாது. மத்தியானம்தான் செய்தி வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினாள். அதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள்.

தெருவில் அன்று சாயங்காலம் எல்லோரும் அந்தக் கோலத்தைப் பார்த்தார்கள். செத்தவளின் கடை, பூட்டிய ஷட்டர், வாசலில் காவி கட்டிய கோலம். பழனி டீ ஆற்றியபடியே சொன்னான்: "அந்தம்மாவே வந்து போட்டுட்டுப் போயிருக்குது பா. கடைய வுட்டுப் போவ மனசு வரல."

பழனிக்கு உண்மை தெரியும். செவ்வந்தியைப் பல வருஷமாகப் பார்க்கிறவன். ஆனால் அவன் கடை திறக்குமுன் அவள் வேலையை முடித்துவிட்டு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தைக் கூட்டப் போய்விடுவாள். என்னைத் தவிர அவள் போடுவதைப் பார்த்தவர் யாரும் இல்லை, பேய் போட்ட கதையைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். கோர்ட்டுக்கு வந்தவர்கள், தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் கதை கேட்டுக்கொண்டே இன்னொரு டீ சொன்னார்கள். செத்துக்கொண்டிருந்த தெருவில் அது ஒன்றுதான் வியாபாரம் ஆனது. நான் கீழே இறங்கும்போது அவனைக் கண்டித்தேன்.

"நான் இன்னா பண்ணட்டும் நர்ஸம்மா? பிஸ்கட்டு வாங்கி அடுக்கி வெச்சேன், போவல. இது போவுது" என்றான்.

செவ்வந்தி வேறு மாதிரி மாறினாள். மற்ற வாசல்களில் நிதானமாக இருப்பவள் வளையல் கடை வாசலில் மட்டும் அவசரப்பட்டாள். ஷட்டருக்கு முதுகைக் காட்டமாட்டாள். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு காது உள்ளே இருக்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு போடுவாள். கோடு கோணியது. ஒருநாள் நான் கேனைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிப்போய் என்ன என்று கேட்டேன்.

"உள்ள வளையல் சத்தம் கேக்குது நர்ஸக்கா."

"எலியாக இருக்கும்."

"எலி ஓடினா சரசரன்னு கேக்கும். இது, சரத்த எடுத்துக் கையில மாட்டிப் பாத்துக் கழட்டினா எப்டி கேக்கும், அப்டிக் கேக்குது. அவளுக்கு என்மேல கோவம். அங்க பொணமாக் கெடக்கறா, நான் இங்க காவி கட்டிக்கினு இருக்கறேன். ஒருத்தரு செத்ததுக்கு சந்தோஷப்படறவங்கதான் அப்டிப் பண்ணுவாங்க."

"உனக்குத்தான் தெரியாதே."

"எனக்குத் தெரியாதுன்னு அவளுக்கு எப்டித் தெரியும்?"

படபடப்பு இருக்கிறதா, தூங்குகிறாயா என்று கேட்டேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். சீராகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஒரு நாள்கூட அந்த வாசலை விடாமல் போட்டாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆவணி பிறந்தது. மாடியில் பெரியவரிடம் ஒரு பேச்சு வந்தது. பக்கத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் கடை வரிசை முழுவதையும் விலைக்குக் கேட்டார். இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறார். தேவிப்ரியாவுக்கு விற்க மனமில்லை. வளையல் கடைக்கு ஒரு ஆள் வாடகைக்கு வந்தால்கூடப் போதும், மற்ற கடைகளுக்கும் ஒவ்வொருவராக வருவார்கள் என்று மாமனாரிடம் வாதாடினாள். இந்த மாசத்துக்குள் ஆள் கொண்டுவந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்கிறேன் என்றார் பெரியவர். வரிசை போனால் பாத்திரக்கடை போகும். பாத்திரக்கடை போனால் செவ்வந்திக்கு இந்த ஊரில் ஒரு வாசலும் இல்லை. பள்ளிக்கூட வேலை லீவு விட்டால் நின்றுவிடும். சேற்றில் இறங்க முழங்கால் கேட்காது. இதையெல்லாம் யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டுதான் இருந்தாள்.

மாசக் கடைசியில் ஒரு ஆள் வந்தார். ஆதிமூலம், சின்னசேலத்துக்காரர். மாட்டுத்தீவனக் கடை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம். பால் விலையாவது ஓரளவு நின்றதால் மாடு வைத்திருப்பவர்கள் தீவனம் வாங்காமல் இருக்கமுடியாது; கணக்காகத்தான் யோசித்திருந்தார். வாசலில் நின்று அகலத்தைப் பார்த்தார், லாரி திரும்புமா என்று பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பழனி கடைக்கு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இன்னாங்கம்மா, கடைய நீங்க பூட்டி வெச்சிருக்கறீங்க, வாசல்ல தெனமும் புதுக் கோலம் விழுதாமே?" என்று தேவிப்ரியாவைக் கேட்டார்.

தேவிப்ரியா சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து செவ்வந்தியைக் கூப்பிட்டனுப்பினாள். விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். செவ்வந்தி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"நான்தாங்க போடறேன். வேற யாரும் இல்ல."

"உங்களுக்கு யாரு கூலி குடுக்கறாங்க?"

"பாத்திரக் கடைக்கு இவங்க குடுக்கறாங்க. மத்ததுக்கு யாரும் இல்ல."

"அப்பறம் எதுக்குப் போடறீங்க?"

"வாசல் சும்மா கெடந்தா நல்லா இல்லீங்க."

"யாருக்கு நல்லா இல்ல?"

நிர்மலாவின் பேரை அவள் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் மோசமாகிவிட்டது. ஆதிமூலம் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். விரல் வெடிப்பில் ஏறியிருந்த மாவையும் பார்த்தார்.

"கூலி இல்லாம எவளும் கோலம் போடமாட்டா. யாரோ சொல்லித்தான் போடறீங்க. எடத்த முடக்கி வெக்கறதுக்கு வெச்சதா?"

செய்வினை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தேவிப்ரியா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். பேய் போட்டது என்று சொன்னால் பயப்படுகிறார், மனுஷி போட்டது என்று சொன்னால் அதைவிடப் பயப்படுகிறார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "எங்க சித்தப்பாவ நாளைக்கு விடியக்காலைல இட்டாறேன். அந்த வாசல்ல பொட்டு மாவு இருந்தாக்கூட இந்தப் பக்கம் திரும்பமாட்டேன். சுத்தமா இருந்திச்சின்னா வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

அவர் போன பிறகு பெரியவர் மாடியிலிருந்தே சொன்னார்: "நாளைக்கு அந்தப் பொம்பள வரவேணாம்னு சொல்லிடும்மா."

சொன்னேன். செவ்வந்தி என்னைப் பார்க்கவில்லை. "தெளிக்காத போட்டா செத்த வூடு. அவ இன்னா வேணாம்னு சொன்னாளோ அதயே பண்ணச் சொல்றீங்க" என்றாள்.

"ஒரு நாள்தானே?"

"அவ வேற எதுவும் கேக்கல நர்ஸக்கா. அந்த ஒண்ணுதான் கேட்டா."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருவாளா, வந்தால் என்ன செய்வாள் என்று தெரியாமல் தேவிப்ரியா மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் செவ்வந்தி திரும்பி வந்தாள். அந்த நேரத்தில் அவளை நான் தெருவில் பார்த்ததே இல்லை. தலை வாரி, வேறு புடவை கட்டியிருந்தாள். வளையல் கடையை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லித் தேவிப்ரியாவைக் கேட்டாள். தேவிப்ரியா சாவியை என் கையில் கொடுத்தாள். உள்ளே வர அவளுக்கும் மனமில்லை.

ஷட்டரைத் தூக்கினேன். பாதியில் சிக்கிக்கொண்டது, குனிந்து போனோம். பூஞ்சை வாசனை. கல்லாவுக்குப் பின்னால் நிர்மலா உட்காரும் முக்காலி கிடந்தது, மேலே அவள் மடித்துப் போட்ட கோணிப்பை அப்படியே இருந்தது. ஆணிகளில் சரங்கள் தொங்கின. பச்சை, கத்தரிப்பூ நிறம், தங்கரேக்கு போட்டது. தூசியில் எல்லாம் ஒரே நிறம் மாதிரி இருந்தன. நாங்கள் இருவரும் நின்றோம். எனக்கும் கேட்டது.

மெல்லிய சத்தம். கண்ணாடி கண்ணாடியை உரசும் சத்தம், நின்று, மறுபடியும்.

மேலே பார்த்தேன். வெண்டிலேட்டர் கண்ணாடி உடைந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு சரம். "காற்று" என்றேன்.

"காத்து எங்க இருக்குது இன்னிக்கு?" என்றாள் செவ்வந்தி.

உண்மைதான். வெளியே வேப்பமரத்தில் இலை அசையவில்லை. தரையில் எலிப்புழுக்கை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. பல்லியாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மனுஷருக்குக் கெடுதல் செய்கிற பொருள் அங்கே எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டேன்.

"நிறையப் பேர் என் கையிலேயே போயிருக்கிறார்கள்" என்று அவளிடம் சொன்னேன். "கடைசி மூச்சுக்கு அப்புறம் யாரும் யார்மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை."

"நீங்க பாத்தது படுத்துக்கினு இருந்தவங்கள. இவ படுக்கறவ இல்ல."

முக்காலிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள், டீக்கு வந்து உட்காருகிற மாதிரி. நான் வெளியே போகலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்த இடத்தில் அவளைத் தனியாக விட எனக்குச் சம்மதமில்லை. அவள் முக்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குத் தெரியாதுடி. சொல்லி அனுப்பி இருக்கலாம் இல்ல? போன் இருந்திச்சி இல்ல உங்கண்ணன்கிட்ட? நான் வந்தேன், எடுத்தாச்சுன்னுட்டாங்க. உன் வூட்டு வாசல்ல நின்னேன். யாரும் உள்ள வான்னு கூப்பிடல. நான் யாருன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்? திரும்பி வந்துட்டேன். மறுநாள் இங்க வந்து கோலம் போட்டேன். அதுக்கு அடுத்த நாளும் போட்டேன்."

வளையல் சத்தம் ஒன்றும் வரவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை.

"உனக்கு ஒரு நாள்கூட வாசல் காயல" என்றாள். அழவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி இருந்தது குரல். "உன் சாவுக்கு ஒரு வாசல்கூடக் காயல."

எழுந்தாள். முழங்கால் நிமிராமல் தடுமாறினாள், தாங்கிப் பிடித்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் அவள் வழக்கமான பஸ்ஸிலேயே வந்தாள். நான் மாடி முகப்பில் நின்றேன். உரக்கடை வாசலைத் தெளித்தாள், கூட்டினாள், தாமரை போட்டாள். ஸ்டுடியோ வாசல். நகைப் பட்டறை வாசல், மண்ணை ஓரமாகவே குவித்தாள். துணிக்கடை வாசலில் பெரிய கோலம். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வளையல் கடை வாசலைத் தாண்டி நடந்து, பாத்திரக்கடை வாசலில் வைத்தாள். அங்கேயும் தெளித்துக் கோலம் போட்டாள். வரிசையில் எல்லா வாசலும் ஈரமாகக் கறுத்திருந்தன, நடுவில் ஒன்று மட்டும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. முந்தின நாள் கோலத்தையும் நான் முகப்புக்கு வருமுன்பே துடைத்திருந்தாள். மற்ற நாளில் பழைய கோலத்தை விளக்குமாற்றால்தான் கூட்டித் தள்ளுவாள். அன்று கூட்டவும் இல்லை, வெறுங்கையால் மட்டும் துடைத்திருந்தாள்.

அன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. துணிக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை திறந்தது. ஆதிமூலமும் அவருடைய சித்தப்பாவும் பைக்கில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா குனிந்து வாசல் தரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெறும் புழுதி.

பழனி கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இன்னா பா, அந்தம்மா இன்னிக்கு லீவா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"சுத்தமாத்தான் இருக்குது. செரிம்மா, எடுத்துக்கறோம்" என்றார் சித்தப்பா. தேவிப்ரியா ஓடிப்போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவந்தாள். மாற்றிக்கொண்டார்கள். ஆதிமூலத்துக்கு மனசு லேசாகிவிட்டது. படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"யம்மா, இனிமே இந்த வாசலுக்கு நானே கூலி குடுக்கறேன். இப்பவே தண்ணி தெளிச்சி வுடு, நல்ல நேரம் போறதுக்குள்ள."

செவ்வந்தி எழுந்து வந்தாள். "இன்னிக்கு இந்த வாசல் நனையக்கூடாதுங்க. நாளைக்கு வந்து போடறேன்."

"ஏன்?"

ஆதிமூலம் மறுபடியும் சந்தேகப்பட ஆரம்பிப்பதற்குள் தேவிப்ரியா, "நாளைக்கே போடட்டுங்க, இன்னிக்கு அவங்களுக்கு ஒடம்பு முடியல" என்று சமாளித்தாள்.

செவ்வந்தி தெருக்குழாயடிக்குப் போனாள். வாளியை நிரப்பினாள். புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவில் எல்லோரும் பார்த்திருக்க, வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள். மறுபடியும் நிரப்பி மறுபடியும் ஊற்றினாள். சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் ஊற்றிக்கொள்வது மாதிரி, முகத்தைக்கூடத் துடைக்காமல்.

"இன்னாப்பா இது, தலைக்கு ஊத்திக்குது? யாரு செத்தாங்க?" என்று ஆதிமூலம் பழனியைக் கேட்டார்.

பழனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு அவனிடம் கதை இருந்தது. "டீ ஆறுது சார், குடிங்க" என்றான்.

நான் பெரியவருடைய துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காலை நேரத்து ஈரத்தோடு பஸ்ஸில் போனால் நெஞ்சில் சளி கட்டும். உட்கார வைத்துத் தலையைத் துவட்டிவிட்டேன். பழனி கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தான். அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, மாடிக்குப் போய்ப் பெரியவரை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.